ஒரு கரண்டியும் இரண்டு பத்திரிகைகளும்

வோபர்ன், ஸ்காபரோ
2 மார்ச் 2025

அண்ணாவுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கப் பேனை வரவில்லை, விட்டுவிட்டேன். நானும் பிரசாந்தும் சுகம். அட்சயாவுக்குக் காய்ச்சல் இல்லை, நேற்று மூன்று தரம் பார்த்தேன். உங்கள் இடுப்பு, அந்த நாரி நோ, எப்படி? நிரூபா அண்ணிக்குப் பிரஷர் குறைந்ததா?

உங்கள் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். கை தவறித் தட்டுப்பட்டதல்ல. உங்களிடம் போனில் ஒன்றைச் சொன்னால் அது வெள்ளிக்கிழமை பேப்பரில் வருகிறது. கடிதம் என்றால் நான் என்ன சொன்னேன் என்பதற்கு என்னிடமும் ஒரு பிரதி இருக்கும். நீங்களும் எழுதுங்கள். ஸ்காபரோவுக்கும் பிறம்ரனுக்கும் இடையில் தபால் ஓடுகிறதுதானே.

இந்தக் கிழமை ‘வேலியோரம்’ வாசித்தேன். எட்டு வருடமாக நீங்கள் எழுதும் பத்தி, கடை வாசலில் இலவசமாகக் கிடக்கும் பேப்பர், எல்லாக் கிழமையும் நான் எடுப்பதில்லை. இதை இரண்டு தரம் வாசித்தேன். “என் தங்கையின் பக்கத்து வீட்டில் பிள்ளை பார்க்கும் ஒரு சீனத்தி. தன் வாயில் வைத்த கரண்டியைக் கழுவாமல் குழந்தையின் வாயில் வைக்கிறாள். எச்சில் என்ற சொல்லே அவர்கள் பாஷையில் இராது. அழுக்கிலே பிறந்து அழுக்கிலே வளர்ந்த சனம். கொரியர் அப்படியல்லர், சுத்தமும் ஒழுக்கமும் உள்ளவர்கள்.” இது உங்கள் எழுத்து.

படம் வேறு. அட்சயாவின் முதலாவது பிறந்தநாளன்று, அவளைப் பார்க்கும் பக்கத்து வீட்டுப் பாக் அன்ரியின் மடியில் வைத்து எடுத்து, நான் குடும்பக் குறூப்பில் போட்ட படம். பிள்ளையின் முகத்தைக் கறுப்பால் மறைத்திருக்கிறீர்கள். பாக் அன்ரியின் முகத்துக்கு மை முடிந்துவிட்டதா?

ஒக்ரோபரில் நான் திரும்பவும் டென்ரல் கிளினிக் வேலைக்குப் போன நாளில் இருந்து, நான் அங்கே போனுக்குப் பதில் சொல்லுகிற நேரமெல்லாம் என் பிள்ளை இருப்பது அந்த மனிசியின் மடியில். அவர் கடைக்கு முள்ளங்கி வாங்கப் போனவர், தன் படத்தைக் கண்டிருக்கிறார். வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு, அரிசி கேக் அவித்துக்கொண்டு என் கதவுக்கு வந்தார். “நியூஸ்பேப்பரில நான்! என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்ல? “நீங்கள் பிள்ளையை வடிவாப் பாக்கிறியள் எண்டு அண்ணா எழுதியிருக்கிறார்” என்றேன். உங்களை ஒரு நாள் சாப்பிட வரட்டாம்.

அடுத்த இதழில் மறுப்பு வர வேண்டும். படத்தை இணையப் பக்கத்தில் இருந்து எடுங்கள். அண்ணியைச் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்களைக் கேட்கவில்லை.

சாம்பவி

*

பிறம்ரன்
10 மார்ச் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

பார், என்ர பேனைக்கு வருது. நாரி அப்பிடியேதான், போர்க்லிஃப்ற்றால இறங்கேக்க மட்டும் கடவுளைக் கூப்பிடுறன். நிரூபா சுகம், உன்ர கடிதத்தை வாசிச்சுப்போட்டு எனக்குத் தேத்தண்ணி தரேல்லை. மருமகளுக்கு ஒரு நாளைக்கு மூண்டு தரம் காய்ச்சல் பாக்காதை. பிள்ளை வெருண்டுபோகும்.

நான் பேர் போட்டனானோ? விலாசம் போட்டனானோ? அந்த மனிசிக்குத் தமிழும் தெரியாது. சந்தோசமா ஃபிரிட்ஜில ஒட்டியிருக்கு. இதில ஆருக்கு என்ன நட்டம்? எனக்குத்தான் நட்டம், அரிசி கேக் வந்து சேரேல்லை.

கொரியன் இப்பிடி, சீனன் இப்பிடி எண்டு நானாக் கண்டுபிடிக்கேல்லை. எங்கட வெயார்ஹவுஸ் சுப்பர்வைசர் லீ கொரியன். லஞ்ச் நேரம் தங்கட பேப்பரை எனக்கு வாசிச்சுச் சொல்லுவான். சீனர் எண்டால் சத்தம், சீனர் எண்டால் கள்ளச் சாமான், எங்கட சாப்பாட்டையும் உடுப்பையும் தங்கடை எண்டு சொல்லுவினம். இதெல்லாம் அவங்கட பேப்பரில பெரிய படிச்ச ஆக்கள் எழுதுறது. சீனப் பேப்பர் கொரியனுக்கு இதைவிடக் கூட எழுதுதாம். பக்கத்துப் பக்கத்து நாட்டுக்காரர் ஒருத்தரை ஒருத்தர் எழுதலாம், துஷாந்த் எழுதினால் மட்டும் உனக்குக் குத்துதோ?

ஏழு பேர் போன் எடுத்துப் பாராட்டினவை. ரெக்ஸ்டேலில இருந்து ஒருத்தர் தன்ர பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றியும் எழுதட்டாம், விவரம் எல்லாம் தாறாராம்.

மறுப்புப் போடச் சொல்லுறாய். எதை மறுக்க? ஜனவரியில நீ போனில சொன்னதில பாதியைத்தான் நான் எழுதினனான். மிச்சப் பாதி அச்சில ஏறாது.

பிரசாந்துக்கும் என்ர மருமகளுக்கும் என்ர அன்பு. உனக்கும்தான், வேண்டாமெண்டால் திருப்பி அனுப்பு.

துஷாந்த்

*

வோபர்ன்
14 மார்ச் 2025

அண்ணாவுக்கு,

எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம். அட்சயாவுக்கு இலேசான மூக்கொழுக்கு. நாரிக்குச் சுடுதண்ணிப் பையை வையுங்கள். குளிர்தண்ணிப் பை வைக்கச் சொன்னது பிழையாம்.

ஒரு விசயம் உங்களுக்குத் தெரியாது. எனக்கும் சென்ற செவ்வாய்தான் தெரியும். பாக் அன்ரி கொரிய இனம், பிறந்தது சீனாவில். எல்லை ஆற்றைக் கடந்து வந்து குடியேறின குடும்பம். வீட்டில் பேசுவது கொரிய மொழி, பாஸ்போர்ட் சீனாவினது. தபால் பெட்டியில் பியாவோ, சேர்ச்சில் பாக். ஒன்று சீன உச்சரிப்பு, மற்றது கொரிய உச்சரிப்பு, இரண்டும் ஒரே பேர்தானாம். “கொரியாவில வேலை செய்யேக்க என்னைச் சீனத்தி எண்டினம். சீனாவில கொரியாக்காரி எண்டினம். ரொறன்ரோவில ஒருத்தரும் கேக்கேல்லை. அதால இங்க நல்லம்” என்று சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் சிரிக்கும்போது ஃபிரிட்ஜில் உங்கள் கட்டுரை தொங்கிக்கொண்டிருந்தது.

லீ வாசித்துச் சொன்னாராம், நீங்கள் எழுதினீர்களாம். 2009இல் ஊரில் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி நாங்கள் ஹைவேயை மறித்து இருந்துவிட்டு வந்த அடுத்த நாள் இங்கிலீஷ் பேப்பரில் ஒருவர் தமிழரைப் பற்றி எழுதியிருந்தாரே. எனக்குப் பதினைந்து வயது. நீங்கள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. “நாலு பேர் செய்ததுக்கு எல்லாரையும் சேத்து எழுதுறான்” என்று பேப்பரைக் கிழித்தீர்கள். அதற்குப் பதில் எழுதத்தானே முதல் முதல் பேனை எடுத்தீர்கள்? அந்த மனிதர் கோட் போட்டிருந்தார், நீங்கள் வெயார்ஹவுஸ் ஜக்கெற் போட்டிருக்கிறீர்கள். வேறென்ன வித்தியாசம் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள்.

கெதியாகச் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தத் துண்டைத் தங்கள் கொரியச் சேர்ச்சுக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டப்போகிறாராம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அண்ணிக்கு அன்பு.

சாம்பவி

*

பிறம்ரன்
31 மார்ச் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுடுதண்ணிப் பை வேலை செய்யுது. அதுக்கு மட்டும் நன்றி.

நீ கேட்டது வந்திட்டுது. துண்டை இத்தோட வச்சிருக்கிறன். ஆசிரியரோட சண்டை பிடிச்சு, என்ர பத்திக்கு மேலயே, கட்டம் கட்டிப் போட்டிருக்கு:

“திருத்தம். சென்ற மாத ‘வேலியோரம்’ பத்தியில் சீனப் பெண்மணி எனக் குறிப்பிடப்பட்டவர் உண்மையில் கொரிய இனத்தவர் என அறிகிறோம். கொரிய மக்களின் சுத்தமும் பண்பும் யாவரும் அறிந்ததே. அன்னாரைச் சீனர் எனக் குறிப்பிட்டு அவர்தம் மனத்தைப் புண்படுத்தியமைக்காக வருந்துகிறோம்.”

எட்டு வருசத்தில ‘வேலியோரம்’ ஒருநாளும் வருந்தினதில்லை. இண்டைக்கு உனக்காக வருந்தியிருக்கு. இனியாவது போனைத் திற. மருமகளின்ர குரலைக் கேட்டு ஒரு மாதமாச்சு. மூக்கொழுக்கு நிண்டுட்டுதோ?

துஷாந்த்

*

வோபர்ன்
6 ஏப்பிரல் 2025

அண்ணாவுக்கு,

மூக்கொழுக்கு நின்றுவிட்டது. நாங்கள் சுகம்.

உங்கள் திருத்தத்தை வாசித்தேன். நீங்கள் மன்னிப்புக் கேட்டிருப்பது கொரியரிடம், அவர்களில் ஒருவரைச் சீனர் என்று சொன்ன அவமானத்துக்காக. கரண்டி அப்படியே இருக்கிறது. அழுக்கு அப்படியே இருக்கிறது. சீனர் எல்லோரும் அப்படியே இருக்கிறார்கள். பாக் அன்ரியை மட்டும் தூக்கி வேலிக்கு மற்றப் பக்கம் வைத்திருக்கிறீர்கள்.

அது வர முதலே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. சேர்ச்சில் ஒருவர் தன் போனை அந்தத் துண்டுக்கு மேல் பிடித்திருக்கிறார். இப்போது போன் எந்தப் பாஷையையும் மாற்றிச் சொல்லும், உங்களுக்குத் தெரியும்தானே. முழுக்கச் சரியாக வரவில்லையாம். ‘சீனப் பெண்’ வந்ததாம். ‘அழுக்கு’ வந்ததாம். ‘கொரியர் சுத்தம்’ என்பதும் வந்ததாம். முதலில் எல்லோரும் சிரித்தார்களாம். பிறகு ஒரு மனிசி, “நீ சீனாவோ? எங்களுக்குச் சொல்லேல்லையே” என்று கேட்டாராம். “நீங்கள் கேக்கேல்லையே” என்றாராம் பாக் அன்ரி. இந்த ஞாயிறு மதியச் சூப்புக்கு மரக்கறி வெட்டுகிறவர்களின் பட்டியலில் அவருடைய பேர் இல்லை. ஆறு வருடமாக இருந்த பேர்.

வந்து என்னிடம் கேட்டார். “மெஷின் ஊத்தை எண்டு சொல்லுது. மெஷின் பிழையோ?”

“ஓம் அன்ரி, தமிழ் எண்டால் மெஷினுக்குச் சரிவராது” என்றேன்.

தலையை ஆட்டினார். அட்சயாவின் காலுறையைச் சரியாக இழுத்துவிட்டார். அடுத்த நாள் ஃபிரிட்ஜில் அந்தத் துண்டு இல்லை.

உங்களால் என் வாயில் எத்தனை பொய் வந்துவிட்டது என்று பாருங்கள். மறுபடி ஒரு மறுப்பு எழுதுங்கள். இந்த முறை மனிசருக்காக எழுதுங்கள்.

சாம்பவி

*

பிறம்ரன்
15 ஏப்பிரல் 2025

தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். இனிச் சுகத்தை விட்டுட்டு விசயத்துக்கு வாறன்.

என்னால உன்ர வாயில பொய் வந்ததோ? சரி, உன்ர வாயில முதல் என்ன வந்தது எண்டு பாப்பம். நீ வோயிஸ் மெசேஜ் அனுப்பினனீ, நான் அழிக்கேல்லை. ஜனவரி பதினாலு, பொங்கலண்டு. இப்பவும் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் எழுதுறன்.

“அண்ணா, நான் இண்டைக்கு வேளைக்கு வீட்டை வந்திட்டன். போய்ப் பாத்தால், மனிசி கஞ்சியை வாயில வச்சுச் சூடு பாத்திட்டு அதே கரண்டியால பிள்ளைக்குத் தீத்துது. எச்சில் எண்டால் என்னெண்டு தெரியாத சனம் அண்ணா. அதுகளின்ர பாஷையில அப்பிடி ஒரு சொல்லே இராது. பிள்ளை இப்ப வாந்தி எடுக்குது. சீனத்தியள் எண்டால் உப்பிடித்தான், ஊத்தைக்குள்ள பிறந்து ஊத்தைக்குள்ள வளந்ததுகள்.”

இதுக்குப் பிறகும் இருக்கு. அதை எழுத எனக்கே கூச்சமா இருக்கு.

இப்ப அந்தக் கட்டுரையை எடுத்து வச்சுக்கொண்டு, எது என்ர வசனம் எண்டு காட்டு. கொரியரைப் பற்றின ஒரு வரி, அது லீயின்ர. மிச்சம் முழுக்க நீ. நான் செய்ததெல்லாம் ஊத்தையை அழுக்காக்கினது. மார்ச்சில எழுதினன், ‘நீ சொன்னதில பாதி’ எண்டு. அதுக்கு நீ ஒரு வரி பதில் எழுதேல்லை. சுடுதண்ணிப் பையைப் பற்றி எழுதினனீ.

நீ யூனிவேர்சிற்றி போனனீ. என்னைவிட வடிவா எழுதுவாய். உனக்கு மறுப்பு வேணுமெண்டால் நீ எழுது, உன்ர பேரில. ஒரு எழுத்தும் மாத்தாமல் போடுவிப்பன். சொல்லிப்போட்டன்.

துஷாந்த்

*

வோபர்ன்
4 மே 2025

அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். பதில் எழுதச் சுணங்கிவிட்டது. கிளினிக்கில் ஓர் ஆள் குறைவு.

பிள்ளைகள் காப்பகத்தில் அட்சயாவுக்கு இடம் கிடைக்க இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகுமாம். போன கிழமையும் போன் எடுத்துக் கேட்டேன். பிரசாந்துக்கு இரவு வேலை. பாக் அன்ரி இல்லையென்றால் நான் வேலையை விட வேண்டும். இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பொங்கலுக்கு அடுத்த நாள் அட்சயாவைக் கொண்டுபோய்க் காட்டினேன். எங்கள் கட்டடத்திலேயே நாலு பிள்ளைகளுக்கு அந்த வாந்தி வந்ததாம், சுற்றித் திரிகிற வைரஸ் என்றார் டொக்டர். அந்த நாலு பிள்ளைகளில் ஒன்றும் பாக் அன்ரியின் வீட்டுக்குப் போனதில்லை. இது எனக்கு ஜனவரி பதினைந்தாம் திகதியே தெரியும். உங்களுக்குச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ தெரியாது.

நான் எழுத மாட்டேன். என் பேரில் ஏலாது.

அண்ணிக்குப் பிரஷர் மாத்திரை மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

சாம்பவி

*

பிறம்ரன்
20 மே 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நிரூபா உப்பைக் குறைச்சிட்டா, எனக்கும் சேத்து. நாங்கள் உயிரோட இருக்கிறம்.

ஒரு புதினம் கேள். லீ இண்டைக்கு லஞ்சுக்கு ஓடி வாறான், கையில தங்கட கொரியப் பேப்பர். “துஷ், யூ ஆர் ஃபேமஸ்!” எண்டு முதுகில ஒரு அடி. நாரி போச்சு. பாத்தால், அவங்கட கட்டுரைப் பக்கத்தில என்ர ‘வேலியோரம்’! அவன்தான் போனால மொழிமாத்திக் குடுத்திருக்கிறான். எங்கட இணையப் பக்கத்தில இருந்த அதே படமும் பெரிசாப் போட்டிருக்கு. ஓம், நான் அதை எடுக்க மறந்துபோனன்.

லீ வாசிச்சுச் சொன்னான். “சீனர் எப்பிடிப்பட்டவை எண்டதை நாங்கள் சொன்னால் பகை எண்டு சொல்லுவினம். மூண்டாம் ஆள் ஒருத்தர், இலங்கை எழுத்தாளர், தன்ர கண்ணால கண்டதை எழுதியிருக்கிறார்.” இலங்கை எழுத்தாளர்! எனக்கு நெஞ்சு நிமிந்திட்டுது. பிறகு மற்ற வரி: “கறி மணக்கிற வீட்டில இருந்து, கையாலே குழைச்சுத் தின்னுற அந்தச் சனமே அந்தக் கரண்டியைக் கண்டு அருவருக்குதெண்டால், நாங்கள் யோசிச்சுப் பாக்க வேணும்.”

கையாலே குழைச்சுத் தின்னுற சனம்! லீ அதையும் சிரிச்சுக்கொண்டு வாசிக்கிறான். நான் என்ர சோத்துப் பெட்டியை மூடினன். மூடினதும் அவன் சொல்லுறான், “இல்லை இல்லை துஷ், உன்னை இல்லை, மற்ற ஆக்களை.” மற்ற ஆக்கள் ஆர்? நிரூபாவோ? நீயோ?

நான் விடமாட்டன். அடுத்த ‘வேலியோரம்’ கொரியருக்குத்தான். அந்த மனிசி உண்மையில கொரியாக்காரிதானே, அதின்ர வீட்டில என்ன மணக்குது, என்ன புளிக்க வைக்குது எண்டு விவரமா எழுதி அனுப்பு. கெதியா.

மருமகளுக்கு முத்தம்.

துஷாந்த்

*

வோபர்ன்
26 மே 2025

அண்ணா,

விவரம் எழுதி அனுப்பச் சொன்னீர்கள். அனுப்புகிறேன்.

அந்தக் கொரியப் பேப்பர் பாக் அன்ரிக்கும் கிடைத்தது. சேர்ச் மனிசி ஒருவர் கதவடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த முறை மெஷின் தேவைப்படவில்லை. அவருடைய சொந்தப் பாஷையில், அவருடைய சொந்தப் படத்துக்குக் கீழ், ஒவ்வொரு வரியாக வாசித்திருக்கிறார்.

இன்று நான் வேலையால் வந்து அட்சயாவை எடுக்கப் போனபோது பேப்பர் மேசையில் இருந்தது. அட்சயா முள்ளங்கித் துண்டு ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தாள். அன்ரி என்னை இருக்கச் சொல்லவில்லை.

“ஸ்பூன்” என்றார். “இதில ஸ்பூன் எழுதியிருக்கு. நீ வேளைக்கு வந்தனீ, அண்டைக்குக் கிச்சினுக்குள்ள மூண்டு பேர். நான், பேபி, நீ. பேபிக்குக் கதைக்கத் தெரியாது.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எனக்கே நம்ப முடியவில்லை. “அண்ணா அண்டைக்கு வந்தவர், வாசலில நிண்டு பாத்தவர்” என்றேன்.

“உன்ர அண்ணா என்ர வீட்டுக்கு ஒருநாளும் வரேல்லை. நான் ரெண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டனான். நீதான், அவருக்கு நேரமில்லை எண்டனீ.”

அதற்குப் பிறகு எனக்குப் பொய் வரவில்லை. “நான்தான் சொன்னனான்” என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. “சீனத்தி எண்டால் எனக்குக் கோவமில்லை. சீனாவிலதான் பிறந்தனான். கொரியாக்காரி எண்டாலும் கோவமில்லை. நீ ஊத்தை எண்டனீ. அதுக்குப் பிறகும் ஒவ்வொரு காலமையும் உன்ர பிள்ளையைக் கொண்டுவந்து என்ர கையில தந்தனீ.”

நான் வைரஸ் என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“வெள்ளி வரைக்கும் பாக்கிறன். நாளைக்கு வரேக்க பேபிக்கு உன்ர வீட்டுக் கரண்டி கொண்டு வா.”

பேபி அதுவரை அந்த வீட்டுக் கரண்டியால் சாப்பிட்டாள், அண்ணா. எட்டு மாதம்.

ஒரு எழுத்தும் மாற்றாமல் போடுவிப்பேன் என்றீர்கள். இத்தோடு ஒன்று வைத்திருக்கிறேன். இது உங்களுக்கல்ல, ஆசிரியருக்கு:

“ஐயா, ‘வேலியோரம்’ பத்தியில் கரண்டி பற்றியும் அழுக்குப் பற்றியும் வந்த வரிகளைச் சொன்னவள் நான். என் பிள்ளையின் வருத்தத்துக்கு அந்தக் கரண்டி காரணமல்ல என்பதை மறுநாளே வைத்தியர் எனக்குச் சொன்னார். நான் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்த அம்மா எட்டு மாதம் என் பிள்ளையைத் தன் பிள்ளைபோல் பார்த்தவர். அவர் எந்த நாட்டவர் என்பதை இங்கே எழுத மாட்டேன். அழுக்கு என் வாயில் இருந்தது. சாம்பவி பிரசாந்த், வோபர்ன்.”

நான் சுகமில்லை. நீங்கள் சுகமாக இருங்கள்.

சாம்பவி

*

பிறம்ரன்
9 ஜூன் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆறாம் திகதி வந்திட்டுது. அஞ்சாம் பக்கம். பாத்திருப்பாய்.

பேரை மட்டும் நான் எடுத்தனான். ஆசிரியர் போடத்தான் ஓம் எண்டார், நான்தான் வேண்டாமெண்டனான். கத்தாதை, முழுக்க வாசி. இந்தச் சனத்தை எனக்கு எட்டு வருசமாத் தெரியும். ஏழு பேர் என்னைப் பாராட்டினவை எண்டு எழுதினனே, அந்த ஏழு பேரும் உன்னைப் பிச்சுப்போடுவினம். உனக்குச் சின்னப் பிள்ளை இருக்கு. நாளைக்கு உன்ர கிளினிக்குக்கு ஆரும் வந்து பல்லைக் காட்டிப்போட்டு, ‘நீதானே அந்த எச்சில்காரி’ எண்டு கேப்பாங்கள். எனக்குத் தங்கச்சி எண்டு ஒண்டுதான் இருக்கு.

படம் எடுத்தாச்சு. நானே பக்கத்தில நிண்டு எடுப்பிச்சனான். கொரியருக்கு எழுதினதை இன்னும் குடுக்கேல்லை. ‘வேலியோரம்’ இந்தக் கிழமை வரேல்லை.

லீயோட நான் லஞ்சுக்கு இருக்கிறதில்லை. ட்ரக்குக்குள்ள இருந்து சாப்பிடுறன். நாரிக்கு அது கூடாது எண்டு தெரியும்.

பிள்ளையை இப்ப ஆர் பாக்கினம்?

துஷாந்த்

*

வோபர்ன்
15 ஜூன் 2025

அண்ணா,

பிள்ளையை இப்போது நான் பார்க்கிறேன். வேலையை விட்டுவிட்டேன். அட்சயா சுகம், காலையில் எழும்பியதும் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைக் காட்டுகிறாள். ட்ரக்குக்குள் இருந்து சாப்பிடாதீர்கள். ஒரு பலகையாவது போட்டு வெளியில் இருங்கள்.

உங்கள் பேப்பர் எங்கள் கட்டட லொபியிலும் ஒரு கட்டு வந்து கிடந்தது. என் கடிதத்துக்குக் கீழே ‘ஒரு வாசகி, ஸ்காபரோ’ என்று இருக்கிறது. ஒரு வாசகி என்றால் ஆர்? ஆரும் இல்லை. பாக் அன்ரியின் முகத்தை இரண்டு பேப்பர்களும் போட்டன. எனக்கு ஒரு பேர் போட உங்களுக்கு மனம் வரவில்லை. எனக்காகச் செய்தீர்கள் என்று எனக்கு விளங்குகிறது. அதுதான் எனக்குக் கூடக் கோபம். இதை நான் மன்னிக்க நாளாகும்.

நேற்று அந்தக் கட்டைப் பிரித்து, லொபி வாங்கில் குந்தியிருந்து, ஒவ்வொன்றாக ஐந்தாம் பக்கத்தைத் திறந்து ‘ஒரு வாசகி’யை வெட்டிவிட்டு என் பேரைப் பேனையால் எழுதினேன். அட்சயா பக்கத்தில் இருந்து எழுதி முடிந்த பேப்பர்களைக் கசக்கிக்கொண்டிருந்தாள். வின்சன்ற் அங்கிள், உங்களுக்குத் தெரியும், நாலாம் மாடி, தபால் எடுக்க வந்தவர். “என்ன பிள்ளை, ஓட்டோகிராஃபோ? எனக்கும் ஒண்டு தா” என்று எடுத்துக்கொண்டு போனார். லிஃப்ற் வாசலில் நின்று வாசிக்கத் தொடங்கினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏறினார்.

அந்த லிஃப்ற் திரும்பக் கீழே வந்தபோது அதற்குள் இருந்து பாக் அன்ரி இறங்கினார், கடை வண்டிலோடு. அந்த வெள்ளிக்குப் பிறகு இப்போதுதான் நேருக்கு நேர். அட்சயா ஓடிப்போய் வண்டிலைப் பிடித்துக்கொண்டாள். அவர் குனிந்து, விரல் விரலாக அந்தக் கையை எடுத்துவிட்டார். நோகாமல் எடுத்தார். ஆனால் எடுத்துவிட்டார்.

“என்ன செய்யிறாய்?” என்று கேட்டார்.

“பேர் எழுதுறன். அந்தக் கதையைச் சொன்னது நான் எண்டு பேப்பரில வந்திருக்கு. பேர் வரேல்லை.”

ஒரு பேப்பரைக் கையில் எடுத்தார். தமிழ் தெரியாது, ஆனாலும் ஐந்தாம் பக்கத்தைக் கனநேரம் பார்த்தார். நான் எழுதிய இடத்தில் விரலை வைத்தார்.

“இதுதான் உன்ர பேரோ?”

“ஓம்.”

“வீட்டு நம்பரையும் எழுது” என்றார். “என்ர கதவு எல்லாருக்கும் தெரியும். உன்ர கதவும் தெரியட்டும்.”

பேப்பரைத் திரும்பக் கட்டில் வைத்துவிட்டு வண்டிலைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

முதலில் எழுதி முடித்தவற்றையும் திரும்ப எடுத்து எழுதினேன். அட்சயா கசக்கினவற்றையும் நீவி விரித்து எழுதினேன்.

அண்ணிக்கு அன்பு.

சாம்பவி பிரசாந்த்
இலக்கம் 1107